ஒன்பது கிலோ ஓம் வித்தியாசம்: வெள்ளத்தில் நனைந்த கார் ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்த பதிவு

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, வலுக்குறைந்த பின்னும் மழையைக் கொட்டிக்கொண்டே உள்நாட்டுக்குள் நகர்ந்தபோது, ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை. எங்களுக்கு ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் அது. ஊத்தங்கரைப் பேருந்து நிலையத்தின் அருகே நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிச் சென்ற காட்சியைப் பலரும் பார்த்திருப்பார்கள். உருண்டு போகாமல், நின்ற இடத்திலேயே இருக்கை மட்டம் வரை நீரில் மூழ்கி நின்ற வண்டிகளும் உண்டு. அப்படி நின்ற ஒரு சிறிய வேனின் நடு இருக்கைக்குக் கீழே திருகி வைத்திருந்த, ஸ்டீரியோவின் ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு நான்கு தனி வழிகளில் தரும் நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயரைப் பற்றியது இப்பதிவு.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் என் வீட்டு முன்னறைதான் என் பட்டறை. வேனின் உரிமையாளர் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஆம்ப்ளிஃபயரை ஒரு துணிப்பையில் சுற்றி எடுத்துவந்தார். அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே குறித்துக்கொண்டேன். பழுது பார்ப்பதில் பாதி வேலை அந்த வரிசையில்தான் இருக்கிறது.

"தண்ணி வடிஞ்சதும் கழட்டாம அப்படியே வெயில்ல வண்டிய நிறுத்தி ரெண்டு நாள் காய வச்சேண்ணா. அப்புறம் போட்டா நல்லா பாடுச்சு. ஆனா தெனம் காலையில பேட்டரி இறங்கிப் போயிரும். நாலஞ்சு நாள் கழிச்சு செவப்பு லைட்டு எரிஞ்சு நின்னுருச்சு."

"ஃபியூஸ் பிடுங்கி வச்சீங்களா தம்பி?"

"இல்லண்ணா. அதான் பாடுச்சே."

அந்த ஒரு பதிலில் பழுதின் வரலாறு முழுவதும் இருந்தது. கார் ஆம்ப்ளிஃபயருக்கு மூன்று மின்முனைகள் உண்டு: பேட்டரியிலிருந்து நேரே வரும் 12 வோல்ட், வண்டியின் உடலோடு இணையும் கிரவுண்ட், ஸ்டீரியோவை இயக்கும்போது மட்டும் 12 வோல்ட் வரும் ரிமோட். சாவியை எடுத்துவிட்டாலும், பாட்டை நிறுத்திவிட்டாலும், பேட்டரி முனையில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். சேற்றுநீர் படிந்த சர்க்யூட் போர்டில் அருகருகே ஓடும் இரண்டு செம்புத் தடங்களுக்கு இடையே 12 வோல்ட் நின்றால், நேர்மின் பக்கத்துச் செம்பு கரைந்து, ஈரத்தின் வழியே நகர்ந்து, மறுபக்கத்தில் படிகிறது. நகைக்கு முலாம் பூசுகிறவர் தொட்டியில் செய்கிற அதே வேலை, இங்கே யாரும் கேட்காமல் நடக்கிறது. வெறும் தண்ணீர் ஒரு நாளில் செய்யும் கேடு சிறியது. தண்ணீரும் மின்னழுத்தமும் சேர்ந்து பத்து நாள் இருந்தால் தடமே மறைந்துவிடும்.

அடித்தகட்டின் எட்டுத் திருகுகளில் மூன்று துருவால் இறுகியிருந்தன. திறந்தவுடன் ஏரிச்சேற்றின் வாடை வந்தது. உள்ளே நீர்மட்டம் நின்ற கோடு தெளிவாகத் தெரிந்தது. போர்டின் முன்விளிம்பிலிருந்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வரை, முகப்பவுடரைவிட நுண்ணிய செம்மண் படலம். பேட்டரி முனைக்கும் ரிமோட் முனைக்கும் இடையில் மட்டும் மண்ணின் நிறம் வேறாக இருந்தது: மயில்துத்தம் தூவியதுபோன்ற நீலப்பச்சை, அதன் நடுவே மயிரிழையளவு கறுப்புக் கிளைகள்.

கழுவுவதற்கு முன்பாகவே அந்த இரு முனைகளுக்கும் இடையில் மீட்டரை வைத்தேன். 60 கிலோ ஓம் காட்டியது. இது மின்தடையின் அளவு; எண் குறையக் குறைய மின்சாரம் எளிதாகக் கசிகிறது என்று பொருள். பிறகு முகத்தை அருகே கொண்டுசென்று, கண்ணாடியைத் துடைப்பதற்கு ஊதுவோமே, அப்படி வாயால் மெல்ல ஊதினேன். எண் இறங்கத் தொடங்கி 14 கிலோ ஓமில் நின்றது. அரை நிமிடம் கழித்து மெல்ல ஏறியது. தினமும் காலையில் பேட்டரி இறங்கியதற்கான விளக்கம் இதுதான். ரிமோட் முனையிலிருந்து ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு சிறிய டிரான்சிஸ்டர் இயங்குகிறது. அதுதான் ஆம்ப்ளிஃபயர் முழுவதையும் எழுப்பும் சுவிட்ச். 14 கிலோ ஓம் கசிவு வழியே அதற்குக் கிடைக்கும் அரை மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டமே அதை எழுப்பப் போதும். பகல் வெயிலில் கசிவு அடங்கியிருக்கும். இரவுப் பனி இறங்கியதும் ஆம்ப்ளிஃபயர் தானாக விழித்துக்கொள்ளும். இந்த ஆம்ப்ளிஃபயர் பாடாமல் சும்மா இருக்கும்போதே 1.2 ஆம்பியர் எடுக்கிறது. பத்து மணி நேரத்துக்கு 12 ஆம்பியர்-மணி. வேனின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு ஒரே இரவில் போய்விடும்.

காய்ந்துவிட்டது என்பதும் சுத்தமாகிவிட்டது என்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது. வெயில் நீரை எடுத்துச் செல்கிறது, உப்பை விட்டுச் செல்கிறது. அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மீண்டும் மின்கடத்தியாகிறது.

கழுவுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலரும் தவறுகிறார்கள். தின்னர், பெட்ரோல், துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே ஆகிய மூன்றும் இதற்கு உதவா. தின்னர், மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டரின் ரப்பர் அடைப்பையும் பிளாஸ்டிக் பாகங்களையும் அரிக்கும். எண்ணெய் ஸ்பிரே சேற்றின் மேல் ஒரு போர்வையைப் போர்த்தி, உப்பை உள்ளேயே பூட்டிவைக்கும். உப்பு கரைவது நீரில்தான். ஆனால் எந்த நீர் என்பது முக்கியம். எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடும் கடினத்தன்மையும் மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அந்த ஃபுளூரைடுக்காகத்தான். அந்த நீரில் போர்டைக் கழுவினால் ஒரு உப்பை எடுத்து இன்னொரு உப்பை வைத்ததாகிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் கேன் ஒன்றை வாங்கி, போர்டை வெப்பத்தட்டிலிருந்து முழுவதுமாகக் கழற்றி எடுத்து, மென்மையான பல்துலக்கியால் மூன்று முறை கழுவினேன். ஒவ்வொரு முறையும் வடிந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தேன். முதல் குவளை தேநீர் நிறம், மூன்றாவது தெளிவு. அதன் பிறகே 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு, தங்கிய நீரையும் பழைய ஃபிளக்ஸ் பிசினையும் எடுத்தேன். ஒலி அளவு, கிராஸ்ஓவர் கண்ட்ரோல்களின் உள்ளேயும் ஆல்கஹாலை ஊசியால் செலுத்தி, இருபது முப்பது முறை திருப்பினேன். கடைசியாக ஓர் அட்டைப்பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, போர்டை இரண்டு நாள் அதனுள் வைத்தேன்.

கழுவிய பின் பேட்டரி முனைக்கும் ரிமோட் முனைக்கும் இடையில் 2 மெகா ஓமுக்கு, அதாவது 2,000 கிலோ ஓமுக்கு மேல் காட்டியது, ஊதினாலும் அசையவில்லை. ஆனால் நீலப்பச்சை இருந்த இடத்தில், நேர்மின் பக்கத்துத் தடம் நெல்மணி நீளத்துக்குக் காணாமல் போயிருந்தது. பச்சைப் பூச்சை இருபுறமும் சுரண்டி, பளபளக்கும் செம்பு வரும் வரை சென்று, மெல்லிய கம்பியால் பாலம் வைத்து ஈயம் பற்றவைத்தேன். அழுகிய பல்லை எடுப்பதுபோல, நல்ல இடம் தெரியும் வரை சுரண்டத்தான் வேண்டும். கறுத்த செம்பின் மேல் ஈயம் ஒட்டியதுபோல் தெரியும், ஆனால் ஆறு மாதத்தில் விட்டுவிடும்.

இனி சிவப்பு விளக்கு. முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது பேட்டரியோடு வரிசையில் ஒரு 60 வாட் ஹெட்லைட் பல்பை இணைத்துத்தான் கொடுப்பேன். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து, மின்னோட்டத்தை ஐந்து ஆம்பியருக்குள் நிறுத்திவிடும், வேறெதுவும் எரியாது. இங்கே பல்பு ஒரு கணம் மினுக்கி அணைந்தது. கெப்பாசிட்டர்கள் நிரம்பியதன் அடையாளம் அது; பெரிய ஷார்ட் எதுவும் இல்லை. ரிமோட்டில் 12 வோல்ட் கொடுத்தேன். டொராய்டு என்னும் வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர் மெல்ல முனகியது, அரை நொடிக்குள் நின்றது, சிவப்பு விளக்கு எரிந்தது.

இந்த வகை ஆம்ப்ளிஃபயரில் டி.எல். 494 என்ற ஐ.சி., மாஸ்பெட் எனப்படும் மின்சுவிட்சுகளை மாறி மாறித் திறந்து மூடி, 12 வோல்ட்டை டொராய்டு வழியாக நேர் 28, எதிர் 28 வோல்ட்டாக மாற்றுகிறது. மிகை மின்னோட்டம், மிகை வெப்பம், ஸ்பீக்கர் முனையில் டி.சி. (ஒலியோடு ஏறி இறங்காமல் ஒரே திசையில் நிற்கும் மின்னழுத்தம்) ஆகிய மூன்றில் எது நேர்ந்தாலும் பாதுகாப்புச் சுற்று இந்த ஐ.சி.யை நிறுத்திவிடும். மூன்றுக்கும் ஒரே சிவப்பு விளக்குதான். பாதுகாப்புச் சுற்றைத் துண்டித்துவிட்டு இயக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அதைச் செய்வதில்லை, டி.சி. வந்த சேனலில் ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் என்னும் கம்பிச்சுருள் சில நொடிகளில் கருகும், ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் அவுட்புட் டிரான்சிஸ்டர் போகக்கூடும்.

அரை நொடி என்பது டிஜிட்டல் மீட்டருக்குப் போதாத நேரம். எண் நிலைபெறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இதற்காகவே என் ஆசிரியர் கொடுத்த பழைய முள் மீட்டரை வைத்திருக்கிறேன். ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சேனலின் வெளியீட்டிலும் வைத்து, ரிமோட்டைத் தொட்டு எடுத்தேன். ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவற்றில் முள் நகரவில்லை. மூன்றாவது சேனலில் பத்து வோல்ட்டைத் தாண்டித் துள்ளி விழுந்தது.

மூன்றாவது சேனலின் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் இரண்டையும் அளந்தேன், ஷார்ட் இல்லை. அப்படியானால் அவை யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் டி.சி.யை வெளியே தள்ளுகின்றன. முன்னால் இருப்பது இரட்டை டிரான்சிஸ்டர் உள்ளீட்டுப் பகுதி. நான்கு சேனல்களும் ஒரே அமைப்பு என்பது இத்தகைய பழுதில் பெரிய வரம். சர்க்யூட் படம் இல்லாவிட்டாலும், நல்ல சேனல் ஒன்று பக்கத்திலேயே விடைத்தாளாக இருக்கிறது. மின்சாரத்தை எடுத்து, கெப்பாசிட்டர்கள் காலியானதை உறுதிசெய்துகொண்டு, ஒவ்வொரு சேனலிலும் முதல் டிரான்சிஸ்டரின் ‘பேஸ்’ என்னும் உள்ளீட்டுக் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் அளந்தேன். 47, 47, 38, 47 கிலோ ஓம்.

இந்த ஒன்பது கிலோ ஓம் வித்தியாசத்தைக் கடந்து போயிருக்கவும் கூடும். ரெசிஸ்டரின் இயல்பான ஏற்றத்தாழ்வு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நல்ல ரெசிஸ்டர் ஐந்து விழுக்காட்டுக்குள்தான் மாறும், அதாவது இரண்டரை கிலோ ஓமுக்குள். 47-ஐ 38 ஆக இறக்க வேண்டுமானால் அதற்கு இணையாக ஏறக்குறைய 200 கிலோ ஓம் கொண்ட வேறொரு வழி இருக்க வேண்டும். அந்த வழி நேர் 28 வோல்ட் தடத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், பேசில் 28-ஐ 247-ஆல் வகுத்து 47-ஆல் பெருக்கிய அளவு, அதாவது 5 வோல்ட்டுக்குச் சற்று மேல் வரும். பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் 5 வோல்ட் வந்தால் வெளியீடு அதைப் பின்தொடர்ந்துதான் ஆக வேண்டும். பாதுகாப்புச் சுற்று நிறுத்தியது முற்றிலும் சரி.

ஆனால் கழுவித் துடைத்த போர்டில் 200 கிலோ ஓம் எங்கே ஒளிந்திருக்கிறது? பூதக்கண்ணாடியில் ஒரு மணி நேரம் தேடினேன். கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தும் நான் பார்க்காத ஒன்று அங்கே இருந்தது. பெரிய கெப்பாசிட்டர்கள் வண்டியின் அதிர்வில் ஆடாமலிருக்கத் தொழிற்சாலையில் மஞ்சள் பசை ஊற்றியிருப்பார்கள். வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் வெந்து அது பழுப்பாகும். அப்படிப் பழுத்த பசை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மின்கடத்தியாகவும் மாறும், தொட்ட உலோகத்தையும் அரிக்கும். 28 வோல்ட் கெப்பாசிட்டரின் அடியிலிருந்து வழிந்த பசை, புளியங்கொட்டை அளவில், மூன்றாவது சேனலின் உள்ளீட்டு ரெசிஸ்டரின் காலைத் தழுவி நின்றது. அதன் மேற்பரப்பு காய்ந்து வெல்லப்பாகுபோலக் கெட்டியாக இருந்தது. முனை மழுங்கிய கத்தியால் சிறிது சிறிதாகப் பெயர்த்தபோது, அடிப்பகுதி இன்னும் மெத்தென்று ஈரமாக இருந்தது. இரண்டு நாள் பல்புச் சூடு அதனுள் இறங்கவே இல்லை. ரெசிஸ்டரின் கால் பசைக்குள் இருந்த பகுதியில் மட்டும் பச்சை பூத்து, தலைமுடி அளவுக்குத் தேய்ந்திருந்தது.

பசை முழுவதையும் பெயர்த்து, ஆல்கஹாலால் துடைத்து, அந்த ரெசிஸ்டரை மாற்றியதும் மீட்டர் 47 கிலோ ஓம் காட்டியது. போர்டின் மற்ற இடங்களில் இருந்த பழுப்புப் பசையையும் அன்றே எடுத்துவிட்டு, கெப்பாசிட்டர்களுக்கு வெள்ளை நிற, அமில நெடி இல்லாத சிலிகான் வைத்தேன். புளிக்காடி வாடை அடிக்கும் சாதாரண சிலிகானைப் போர்டில் பயன்படுத்தக் கூடாது. அது உலரும்போது வெளியாகும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும்.

சிவப்பு விளக்கு அணைந்தது. நான்கு ஓம், 50 வாட் ரெசிஸ்டர்களைச் சுமையாகக் கொடுத்து ஓட்டியபோது ஒலி வந்தது, ஆனால் அளவைக் கூட்டினால் 28 வோல்ட் தளர்ந்தது. மின்வழங்கியின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மாஸ்பெட்டுகள் இணையாக வேலை செய்ய வேண்டும். ஒரு பக்கத்தில் ஒன்று சுட்டது, அதன் துணை குளிர்ந்தே இருந்தது. குளிர்ந்ததன் ‘கேட்’ என்னும், அதைத் திறந்து மூடும் காலில் இருந்த 47 ஓம் ரெசிஸ்டர் நீர்க்கோட்டுக்குச் சரியாக மேலே பச்சைபூத்து அறுந்திருந்தது. கேட் அந்தரத்தில் தொங்கும் மாஸ்பெட் எப்போது பாதியாகத் திறக்கும் என்று சொல்ல முடியாது. இது எரியாமல் இருந்தது உரிமையாளரின் நல்ல நேரம். நான்கையும் ஒருசேர மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

ஐ.ஆர்.எஃப். 3205 என்று அச்சிட்டு முதலில் எனக்குக் கிடைத்த நான்கும் போலி. இதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். இந்த மாஸ்பெட்டின் உள்ளீட்டுக் கொள்ளளவு தரவுத்தாளின்படி 25 வோல்ட்டில் 3247 பிக்கோஃபாரட். சிறிய கம்போனென்ட் டெஸ்டர் மின்னழுத்தமின்றி அளப்பதால் இதைவிடக் கூடுதலாகவே காட்டும். கழற்றிய பழைய உண்மையான ஒன்றை முதலில் அளந்து, புதியதை அதோடு ஒப்பிட்டால் போதும். புதியவை பாதி அளவுகூடக் காட்டவில்லை. சிறிய சிலிக்கானுக்குப் பெரிய பெயரை அச்சிட்டிருக்கிறார்கள். பெங்களூருக்குப் போகும் உறவினரிடம் சொல்லி எஸ்.பி. ரோட்டிலிருந்து வேறு நான்கு வாங்கிவரச் செய்தேன். அவை பழையதோடு ஒத்துப்போயின.

மாஸ்பெட்டுகளையும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களையும் வெப்பத்தட்டில் மீண்டும் அழுத்தும்போது, மைக்காத் தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து விரிசல் பார்த்து, புதிய பேஸ்ட் தடவினேன். நுண்மணல் ஒரு துகள் இருந்தாலும் திருகை முடுக்கும்போது மைக்காவைத் துளைத்துவிடும். ஒவ்வொன்றின் உலோக முதுகுக்கும் வெப்பத்தட்டுக்கும் இடையே தொடர்பில்லை என்பதை அளந்த பிறகே மின்சாரம் கொடுத்தேன்.

திரும்பக் கொடுப்பதற்கு முன் நானாகச் சேர்த்துக்கொண்ட ஒரு சோதனை உண்டு. மூடியிட்ட பிளாஸ்டிக் வாளிக்குள், ஈரத்துண்டு ஒன்றைப் பிழிந்து அடியில் போட்டு, அதன்மேல் கம்பித்தட்டில் ஆம்ப்ளிஃபயரை மின்சாரமின்றி ஓர் இரவு வைத்தேன். காலையில் எடுத்த உடனே அளந்தால், மறைந்திருக்கும் உப்பு எங்கிருந்தாலும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பேட்டரிக்கும் ரிமோட்டுக்கும் இடையே எண் அசையவில்லை. நான்கு பேசுகளிலும் 47 கிலோ ஓம். அதை உலர்த்திய பின், பேட்டரியை மட்டும் இணைத்து ரிமோட் இல்லாமல் மின்னோட்டத்தை அளந்தேன். மில்லி ஆம்பியர் அளவில் மீட்டர் பூஜ்யம் காட்டியது.

வண்டியில் மாட்டும்போது ஒரு வேலை மிச்சமிருந்தது. பழைய பேட்டரி ஒயரின் நுனியைச் சீவினேன், செம்பு கறுத்திருந்தது. ஒரு விரல் நீளம் வெட்டினேன், இன்னும் கறுப்பு. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல, இழைகளுக்கு இடையே சேற்றுநீர் உறைக்குள் ஏறியிருந்தது. ஒரு சாணுக்கு மேல் வெட்டிய பிறகுதான் சிவந்த செம்பு வந்தது. கிரவுண்ட் ஒயரிலும் அதே கதை என்பதால் அதைப் புதிதாகவே போட்டு, சேசிஸில் பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்கினேன். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் புதிய ஃபியூஸ் ஹோல்டர் வைத்தேன். ஆம்ப்ளிஃபயரைத் தரையில் வைக்காமல், பின் இருக்கையின் முதுகுப்புறத்தில் ஒரு பிளைவுட் பலகையில் செங்குத்தாக மாட்டினோம். முனைகள் கீழ்நோக்கி, ஒயர்கள் ஒரு வளைவு தொங்கி மேலேறும்படி.

இரண்டாவது சேனலின் ஒலி அளவுக் கண்ட்ரோலைத் திருப்பும்போது இப்போதும் சற்றுக் கரகரக்கிறது. அதன் கார்பன் பட்டை நீரில் ஊறிப்போய்விட்டது, அதே அளவில் மாற்று இன்னும் கிடைக்கவில்லை. ஒரு நிலையில் வைத்துவிட்டால் தொந்தரவில்லை என்பதால், அப்படியே ஓட்டச் சொல்லியிருக்கிறேன். வண்டியை எடுப்பதற்கு முன் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, புதிய ஃபியூஸ் ஹோல்டரை அவர் கையாலேயே இரண்டு முறை திறந்து ஃபியூஸைப் பிடுங்கி மாட்டச் செய்தேன்; இரண்டாவது முறை அவர் டார்ச் இல்லாமல், தடவிப் பார்த்தே எடுத்தார்.